மூத்தவனுக்குரிய பெயர்

மேலே ஏதோ இழுபட்டது, கனமான ஒன்றைத் தரையில் ஒரு முழத்துக்கு நகர்த்திவிட்டு நிறுத்தினது போல ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை, மேசையைச் சுற்றியிருந்த ஒருவரும் தலையை நிமிர்த்தவில்லை, கொன்ச்செத்தா மட்டும் கரண்டியைச் சட்டியின் விளிம்பில் தேவைக்கு மேல் பலமாய்த் தட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் போடட்டோ, நீங்கள் ஒண்டுமே சாப்பிடேல்லையே என்றாள், அவள் கேட்டது இத்தாலி மொழியில்தான், ஆனால் பலெர்மோ நகரத்தில் முப்பது வருஷமாய் வீடு வீடாய்க் கிழடுகளைப் பார்த்துக் காலம் கழித்த தவராணிக்கு யார் எந்த மொழியில் பேசினாலும் காதுக்குள் நுழையும்போதே அது அவள் பிறந்த சுழிபுரத்துத் தமிழாகிவிடும், போதும் போதும் என்று கையால் மறித்துவிட்டு அவள் கூரையைப் பார்த்தாள், மேலே ஆர் இருக்கினம் என்று கேட்டாள், என்ர தமக்கை, தனியாள், கதிரையை நகர்த்தியிருப்பா என்றார் பியெத்ரோ, கொன்ச்செத்தாவின் புருஷன், மருமகனாக வரப்போகிறவனின் தகப்பன், சொல்லும்போது அவர் கண் தன் கோப்பையை விட்டு எழும்பவில்லை, தனியாக இருக்கிற மனுஷிக்கு இவ்வளவு கனமான கதிரை எதற்கு என்று தவராணி மனதுக்குள் குறித்துக்கொண்டாள். கோப்பி வந்த பிறகு கேட்பார்கள், அது அவளுக்குத் தெரியும், பியெத்ரோ தொண்டையைச் செருமிக்கொண்டு, பிள்ளையள் ரெண்டும் விரும்பீட்டுதுகள், நீங்கள் என்ன சொல்லுறியள் என்பார், ஓம் என்றால் செப்டம்பரில் கல்யாணம், இல்லையென்றால் இல்லை, அப்பாவும் இல்லாத நேரத்தில நீங்கள் சம்மதிக்காமல் நான் செய்யமாட்டன் என்று மகள் மிதுஷா சொல்லிவிட்டாள், அந்த ஒரு சொல்லைச் சொல்வதா வேண்டாமா என்று தெரிந்துகொள்ளத்தான் தவராணி இந்தக் குளிர்காலம் முழுக்க பஸ் ஏறி அலைந்திருக்கிறாள்.

மிதுஷா அவளுக்கு ஒரே பெட்டை, ஒரே பிடி, அடுத்தவர் மலம் வழித்து, இடுப்பு நாரி முறிய அவர்களைக் கட்டிலிலிருந்து கதிரைக்கும் கதிரையிலிருந்து கட்டிலுக்கும் தூக்கித் தூக்கி, அந்தக் காசில் அவளைப் படிப்பித்தது ஒரே ஒரு எண்ணத்தில்தான், என் பிள்ளை இன்னொருவரின் உடம்பைத் தூக்கக்கூடாது, வெள்ளைக் கோட்டுப் போட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று மருந்து கொடுக்கட்டும், கொடுக்கிறாள், அப்படி நின்ற இடத்தில்தான் டவிடே வந்து சேர்ந்தான், கிழமைக்கொருதரம் ஒரு பை நிறைய மருந்து வாங்க வருவானாம், ஆருக்கு அவ்வளவு மருந்து என்று தவராணி கேட்டாள், அவையின்ர மாமிக்கு என்றாள் மகள், கொஞ்சம் அவசரமாய்ச் சொன்னாள். சுழிபுரத்தில் என்றால் சம்பந்தம் பேசமுன் ஒரு விசாரிப்பு நடக்கும், ஒருவருக்கும் தெரியாமல் ஒரு சித்தப்பா சைக்கிளில் அந்த ஊருக்குப் போவார், தேத்தண்ணிக் கடையில் குந்துவார், பள்ளிக்கூட வாத்தியாரிடம் கதை கொடுப்பார், குடியா, கடனா, விசரா, முதல் தாரம் எங்கேயும் இருக்கிறாளா என்று எல்லாம் அறிந்துகொண்டு பொழுதுபடத் திரும்பி வருவார், இங்கே எந்தச் சித்தப்பாவை அனுப்புவது, எந்தத் தேத்தண்ணிக் கடையில் குந்துவது, நீங்கள் ஒண்டும் விசாரிக்க வேண்டாம் அம்மா, அவை ஒளிக்கிற ஆக்கள் இல்லை என்று மிதுஷா சொன்னபோதுதான் தவராணிக்கு நெஞ்சுக்குள் முதல் முள் குத்தியது, ஒளிக்கிறார்கள் என்று இப்போது ஆர் சொன்னது.

பிறகு டவிடே வந்தான், பூங்கொத்தும் இனிப்புப் பெட்டியுமாய், உயரமான பெடியன், செருப்பை வாசலில் கழற்றத் தெரிந்தவன், சோற்றைக் கையால் குழைத்துச் சாப்பிட்டான், குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுவே ஒரு குறை என்று பட்டது அவளுக்கு, நான் ஒரே பிள்ளை என்றான், அப்பாவின் அப்பா பெயர் கலோஜெரோ, மலையில் மொந்தேசானோதான் எங்கள் ஊர், அம்மாவின் அப்பா பெயர் டவிடே, அவருடைய பெயரைத்தான் எனக்கு வைத்தார்கள் என்று பெருமையாய்ச் சொன்னான், தவராணி குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள், ஏனென்றால் அவள் இந்த ஊர்க் கிழடுகளின் வாய்க்குப் பக்கத்தில் முப்பது வருஷம் இருந்தவள், மூத்த மகனுக்குத் தகப்பன்வழித் தாத்தாவின் பெயர், இரண்டாவது மகனுக்குத் தாய்வழித் தாத்தாவின் பெயர், இது மாறாது, மாற்றினால் வீடு ரெண்டுபடும், அவள் பார்த்த அகாத்தா என்கிற கிழவி இருந்தாளே, மகன் தன் பெடியனுக்குத் தாத்தாவின் பெயரை விட்டுவிட்டு ஒரு பந்தடிகாரனின் பெயரை வைத்தான் என்பதற்காகச் சாகும்வரைக்கும் அவனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, அவன் கொண்டுவந்த தோடம்பழங்களை யன்னலால் எறிந்தவள், தவராணிதான் கீழே போய்ப் பொறுக்கினாள், அப்படியிருக்க ஒரே பிள்ளைக்கு எப்படி அம்மப்பாவின் பெயர் வந்தது, இவன் ரெண்டாவது, கட்டாயம் ரெண்டாவது, அப்ப மூத்தவன் எங்கே, செத்தானா, விட்டுவிட்டுப் போனானா, என்ன அம்மா யோசிக்கிறியள், குழம்பு ஆறுது என்றாள் மிதுஷா, ஒண்டுமில்லைப் பிள்ளை, உப்புக் காணுமோ எண்டு பாக்கிறன் என்றாள் இவள்.

மொந்தேசானோவுக்கு பஸ் வளைந்து வளைந்து ஏறும், முதல் முறை போனபோது வாந்தி வந்துவிட்டது, ஆனாலும் போனாள், முதலில் சுடலைக்கு, இவர்களுடைய சுடலையில் பெட்டிகளைச் சுவரில் அடுக்கி ஒவ்வொன்றின் முகப்பிலும் செத்தவரின் படத்தை ஒட்டியிருப்பார்கள், அது விசாரிக்கிறவளுக்கு நல்ல வசதி, டவிடேயின் வீட்டாரான லா மார்கா குடும்பத்தின் சுவரில் கலோஜெரோ, பியெத்ரோ, கலோஜெரோ, பியெத்ரோ என்று மீசைகள் வரிசையாய்ப் பார்த்துக்கொண்டிருந்தன, குழந்தை ஒன்றின் படமும் இல்லை, அவள் ஒவ்வொரு சுவராய்த் தேடினாள், பூக்குத் தண்ணீர் விட வந்த பெண்ணொருத்தி, ஆரைத் தேடுறியள் என்று கேட்க, தெரிஞ்ச ஆக்களை என்று சொல்லிவிட்டு நழுவினாள், அங்கிருந்து கோயிலுக்குப் போனால் கதவைத் திறந்த பங்குச் சாமியார் கறுப்பாய், சுருள் முடியாய், வாங்க, சிலோனாம்மா நீங்க என்று தமிழில் கேட்டாரே, சந்தியாகு சாமியார், மணப்பாடு ஊர்க்காரர், இந்த மலையில் தமிழ் பேச ஆள் இல்லாமல் வாய் ஊறிக்கிடந்தவர், அவள் சைவக்காரி என்பதைக்கூடப் பொருட்படுத்தாமல் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார், மருமகப் பையன் வீட்டப் பத்தித் தெரிஞ்சுக்கணும்னு சொல்லுங்க, இதுல என்ன வெக்கம், எங்க அம்மாவும் இப்படித்தான் எங்க அக்காவுக்கு விசாரிச்சாங்க என்று சிரித்தார், அலமாரியிலிருந்து ஞானஸ்நானப் புத்தகங்களை இறக்கினார், பழைய தோல் வாசம், லத்தீன் எழுத்து, அவர் விரலை ஓட்டி வாசிக்க வாசிக்க அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், பியெத்ரோவின் மகன் கலோஜெரோ, கலோஜெரோவின் மகன் பியெத்ரோ, ஒரு தலைமுறையும் தவறவில்லை, பிறகு அவர் அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தார், புதுப் புத்தகங்கள் அங்கேயிருந்தன, இந்தப் பெடியனையும் இங்கே கொண்டுவந்துதான் ஞானஸ்நானம் குடுத்தவை, அதையும் ஒருக்கா பாருங்கோவன் சுவாமி என்றாள் தவராணி, அவர் முகத்தில் சிரிப்பு அடங்கிற்று, அது மட்டும் முடியாதும்மா, உயிரோட இருக்கிறவங்க பேரு அதுல இருக்கு, காட்டக் கூடாது என்றார், தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவத் தொடங்கினார், அதுவரை அவ்வளவு கதைத்த மனிதர் அதற்குப் பிறகு வானிலையைப் பற்றித்தான் கதைத்தார்.

உயிரோட இருக்கிறவங்க, உயிரோட இருக்கிறவங்க, பஸ்ஸின் இரைச்சல் முழுவதும் அதையே சொல்லிக்கொண்டு வந்தது, டவிடேயைத்தான் சொன்னாரோ, டவிடே ஒருவன்தானே, பன்மையில் ஏன் சொன்னார், மணப்பாட்டில் ஒருவரையும் அப்படித்தான் சொல்வார்களோ, படுத்தால் நித்திரையில்லை, கண்ணை மூடினால் சுடலைச் சுவரின் மீசைகள் சுழிபுரத்து வீட்டு விறாந்தையில் வந்து நிற்கின்றன, செத்துப்போன அவள் புருஷன் எழும்பி வந்து, உனக்கு வேற வேலை இல்லையே தவம் என்கிறார், வேலை இருக்கு, ஆனால் பிள்ளையும் இருக்கு என்று அவள் பதில் சொல்கிறாள், அடுத்த கிழமை திரும்பவும் பஸ் ஏறிவிட்டாள், இந்தமுறை ஊர்ச்சபைக் கந்தோருக்கு, பிறப்பு இறப்புப் பதிவுகள் இருக்கிற இடம், கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு நகத்தோடு ஒருத்தி, லா மார்கா குடும்பத்தின் பழைய பதிவுகள் வேண்டுமென்றதும் நிமிர்ந்தும் பாராமல், அமெரிக்காக்காரருக்கோ என்று கேட்டாள், அமெரிக்காவிலும் ஆர்ஜென்டினாவிலும் இருந்து தங்கள் பூட்டனைத் தேடி வருகிறவர்களால்தான் அந்தக் கந்தோருக்கே வேலை, அவர்கள் சிலநேரம் கூலிக்கு ஆள் அனுப்புவதும் உண்டாம், ஓம், அமெரிக்காக்காரருக்குத்தான் என்றாள் தவராணி, பொய் வாய்க்குள்ளிருந்து வழுக்கிக்கொண்டு வந்ததில் அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியம். பழைய புத்தகம் வந்தது, தகப்பன் பெயர், தாய் பெயர், தொழில், தொழில் என்ற இடத்தில் தலைமுறை தலைமுறையாய்க் கந்தகச் சுரங்கம், சுரங்கத்தில் தோண்டினவையோ, சுரங்கம் வைச்சிருந்தவையோ என்று கேட்டாள், தோண்டினவை என்றாள் சிவப்பு நகக்காரி, இவளுக்குக் கொஞ்சம் சப்பென்று போயிற்று, சரி போகட்டும், நாங்கள் மட்டும் இங்கே வந்து என்ன கிழித்தோம், அப்போதுதான் அவள் கண்ணில் அது பட்டது, ஒரே தகப்பன், ஒரே தாய், ரெண்டு கலோஜெரோ, இது பிழையாய் எழுதினதோ என்றாள், பிழையில்லை, முதல் பிள்ளை ஒரு வயதில் செத்துவிட்டது, அடுத்துப் பிறந்த பெடியனுக்கு அதே பெயரை வைத்திருக்கினம், தாத்தாவின் பெயர் விட்டுப் போகக்கூடாதே, எல்லா வீட்டிலும் அப்பிடித்தான், உங்கட அமெரிக்காக்காரர் இதிலதான் மாறுபட்டுப் போவினம், செத்த பிள்ளையைத் தங்கட பூட்டன் எண்டு கொண்டு போவினம், கவனமாய் இருங்கோ என்றாள் அவள், தவராணி அந்தப் பலகை வாங்கிலில் இருந்துவிட்டாள். மூத்தவன் செத்திருந்தால் டவிடேக்குக் கலோஜெரோ என்றுதான் பெயர் வைத்திருப்பார்கள், வைக்கவில்லை, ஆகவே இவன் பிறக்கும்போது மூத்தவன் உயிரோடு இருந்திருக்கிறான், சுடலையில் படம் இல்லை, ஆகவே இன்றைக்கும் இருக்கிறான், கலோஜெரோ லா மார்கா என்று ஒருவன் எங்கேயோ உயிரோடு மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான், அவனைப் பெற்றவர்களும் அவன் தம்பியும் அவன் இல்லை என்று சொல்கிறார்கள்.

சிசிலியில், உயிரோடு இருக்கிற மகனை இல்லை என்று சொல்வது எதற்காக, அதற்குப் பெரிய படிப்பொன்றும் தேவையில்லை, மறியலில், சிறைக்குள் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒளித்திருக்கவேண்டும், இந்த நகரத்தில் பொலிஸ் தேடுகிற ஆட்கள் தங்கள் சொந்த வீட்டுச் சுவருக்குப் பின்னாலேயே வருஷக்கணக்காய் இருந்து பிடிபட்ட கதைகளை அவள் எத்தனை வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பாள், தாய் சாப்பாடு கொண்டுபோவாளாம், அயலட்டைக்கு எல்லாம் தெரியுமாம், ஒருவரும் வாய் திறக்கமாட்டார்களாம், அதற்குள்ளேயா என் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவது, ஒரு சண்டையிலிருந்து தப்பி வந்தது இன்னொன்றுக்குள் பிள்ளையைத் தள்ளவா, மகளிடம் கேட்கவும் பயம், கேட்டால் அவள் முகத்தைப் பார்க்கவேண்டும், முகத்தில் தெரிந்துவிடும், அவளுக்கும் தெரியுமென்று தெரிந்தால் பிறகு என்ன செய்வது, அதனால்தான் ஒன்றும் கேளாமல் சேலை உடுத்துக்கொண்டு இங்கே வந்து மிதுஷாவுக்கும் டவிடேக்கும் எதிரே இந்த மேசையில் இருக்கிறாள், இருக்க இருக்கக் கண் வேலை செய்கிறது, மேசையின் யன்னல் பக்கத்து முனையில் மட்டும் கதிரை இல்லை, ஆறுபேர் மேசைக்கு அந்த இடம் வெறுமையாய் விடப்பட்டிருக்கிறது, கதவு நிலையில் இடுப்பு உயரத்துக்கு இரண்டு பக்கமும் வண்ணம் உரிந்திருக்கிறது, மேலே திரும்பவும் அந்தச் சத்தம், இழுபட்டு நின்றது, கூடவே ஒரு குரல், ஆண் குரல், தமக்கையின் குரல் இல்லை, கொன்ச்செத்தா கோப்பிக்குக் கேத்திலை வைக்கிறேன் என்று பாய்ந்து எழும்பிக் கேத்திலைக் கையில் எடுத்தாள், இருங்கோ என்றாள் தவராணி, கோப்பி பிறகு குடிக்கலாம், உங்கட மூத்த மகன் எங்கை.

ஆர் சொன்னது என்று பியெத்ரோ கேட்டார், ஒருத்தரும் சொல்லேல்லை, இவருக்கு டவிடே எண்டு பேர் வைச்சியளே, அதுதான் சொன்னது, கலோஜெரோ எண்டு ஒருத்தர் இல்லாமல் இவர் டவிடே ஆகேலாது, மறியலில எண்டால் மறியலில எண்டு சொல்லுங்கோ, மேலதான் ஒளிச்சு வைச்சிருக்கிறியள் எண்டால் அதைச் சொல்லுங்கோ, நான் ஒருத்தரிட்டையும் போய்ச் சொல்லமாட்டன், என்ர பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிடுவன் என்றாள் தவராணி, மறியலோ என்று கொன்ச்செத்தா ஒருதரம் சொல்லிப் பார்த்தாள், விளங்காதவள் போல, பிறகு கேத்திலைக் கீழே வைத்துவிட்டு அந்த வெறும் முனையைக் காட்டினாள், அதுதான் அவன்ர இடம், முப்பத்தஞ்சு வருஷமா அதிலதான் இருந்து சாப்பிடுறான், பிறக்கேக்க மூச்சுத் திணறிப் போச்சு, நடக்கமாட்டான், கதைக்கமாட்டான், ஆனால் எல்லாம் விளங்கும், காலமையிலயிருந்து மேல மாமியோட விட்டிருக்கிறம், ஏன் கீழ கொண்டுவாறியள் இல்லை எண்டு கதிரையை உலுப்பி உலுப்பி அழுறான் என்றாள், சொல்லும்போது அவள் அழவில்லை, கோபமாய் இருந்தாள், அந்தக் கோபம் தன்மேல் இல்லை என்பதைத் தவராணி கண்டாள், கொன்ச்செத்தாவின் கண் மிதுஷாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான்தான் அம்மா சொன்னனான் என்றாள் மிதுஷா, தமிழில் சொன்னாள், மற்றவர்களுக்கு விளங்கக்கூடாது என்று, நீங்கள் விசாரிப்பியள் எண்டு எனக்குத் தெரியும், வம்சத்தில நோய் வருத்தம் எண்டு ஒரேயடியா வேண்டாம் எண்டிடுவியள், அதுதான் டவிடேயை ஒரே பிள்ளை எண்டு சொல்லச் சொன்னனான், நீங்கள் வாற நாளில தமையனை மேல விடுங்கோ எண்டு இவையிட்டைக் கெஞ்சினனான், இவைக்கு விருப்பமில்லை, நான்தான் அழுது சம்மதிக்க வைச்சனான், ஒருக்கா ஓம் எண்டிட்டியள் எண்டால் பிறகு மெல்லச் சொல்லலாம் எண்டு நினைச்சன். தவராணிக்கு, நான் அப்பிடிப்பட்டவள் இல்லை என்று சொல்ல வாய் உன்னியது, வரவில்லை, சுடலைச் சுவரும் தோல் வாசமும் சிவப்பு நகமும் அமெரிக்காக்காரருமாய் அந்தக் குளிர்காலம் முழுக்கக் கண்முன் வந்து நின்றது, ஊரெல்லாம் போய் ஒளித்தவர்களைத் தேடினாள், ஒளித்தது தன் வீட்டுக்குள் இருந்திருக்கிறது, பெற்ற பிள்ளைக்குத் தன்னில் இவ்வளவு பயம் என்று நினைக்க வெட்கமாய் இருந்தது, அதைவிட அதிகமாய் நோவாய் இருந்தது, டவிடே எழும்பி மேலே போனான், படியில் அவன் இறங்கும் சத்தம் ஏறின சத்தத்தைவிடக் கனமாய்க் கேட்டது, இரண்டு கைகளிலும் தமையனை ஏந்திக்கொண்டு பக்கவாட்டாய் வந்தான், மெலிந்த கால்கள், தாடி மழித்த முகம், நன்றாய் மழித்திருந்தார்கள், நாடிக்குக் கீழேகூட ஒரு மயிர் மிச்சமில்லை என்பதை அவள் தொழில்கண் கண்டது, சோபாவில் அவனைச் சாய்த்துவிட்டுச் சக்கரக் கதிரையை எடுக்கத் திரும்பவும் மேலே ஓடினான், கலோஜெரோ அவளை நேரே பார்த்தான், ஆர் இவள், என்ர இடத்தைப் பறித்தவள் என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை, அவனும் அவளைச் சந்தேகப்பட்டான், அதில் ஒரு நியாயம் இருந்தது.

அப்போதும் அவளுடைய சந்தேகம் விட்டுப்போகவில்லை, அது அவளோடு கூடப் பிறந்தது, உங்களுக்குப் பிறகு இவரை ஆர் பாக்கிறது என்று கொன்ச்செத்தாவைக் கேட்டாள், அந்த வீட்டில் அதுவரை ஒருவரும் வாய்விட்டுக் கேளாத கேள்வி போல, பியெத்ரோ யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், நானும் டவிடேயும் அம்மா என்று பின்னாலிருந்து பதில் வந்தது, தவராணி திரும்பினாள், சோபாவுக்குப் பக்கத்தில் மிதுஷா, கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, டவிடே கொண்டுவந்து வைத்த சக்கரக் கதிரையின் பிரேக்கைக் காலால் தட்டிப் பூட்டினாள், புதிதாய்ச் செய்கிறவளின் கால் இல்லை அது, எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பழகின கால், முப்பது வருஷமாய் எந்த ஒன்றிலிருந்து இந்தப் பிள்ளையைத் தூரத்தில் வைக்க நாரி முறிந்தாளோ, அந்த ஒன்றைப் பிள்ளை தானாய்த் தேடிப் போய்ப் பிடித்திருக்கிறாள், வெள்ளைக் கோட்டு, கண்ணாடி, எல்லாம் வீண், தலையில் அடித்துக்கொண்டு அழவேண்டும் போல் இருந்தது தவராணிக்கு, ஆனால் அதற்குள் மிதுஷா முதுகை வில்லாய் வளைத்து, கால் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு, கலோஜெரோவைத் தோளில் பிடித்து இழுக்கத் தொடங்கிவிட்டாள், மூளை இருக்கிற பிள்ளை செய்கிற வேலையா அது, உப்பிடித் தூக்கினால் நாப்பது வயதில உன்ர நாரி போயிடும், விடு, தள்ளு அங்கால என்று சீறிக்கொண்டு தவராணி எழும்பினாள், சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள், குனியாமல் முழங்காலை மடித்து அவன் முன்னால் இறங்கி, தன் இரண்டு கைகளையும் அவன் கமக்கட்டுகளுக்குள் கொடுத்துப் பின்னால் கோர்த்தாள், அவன் பாரம் அவளில் வந்தது, மூச்சு அவள் காதில் பட்டது, அம்மா என்ன சொல்லுறா என்று கொன்ச்செத்தா பதற்றமாய்க் கேட்டாள், ஓம் எண்டு சொல்லுறா என்றாள் மிதுஷா, இத்தாலி மொழியில், கூசாமல். நான் எப்ப ஓம் எண்டனான் என்று கேட்கத் தவராணி வாயைத் திறந்தாள், கைகள் இரண்டும் நிறைந்திருந்தன, இந்த நேரத்தில் சண்டைக்கு நின்றால் ஆள் கீழே விழுந்துவிடுவான், முதல்ல இவரை இருத்துவம், உன்னோட பிறகு கதைக்கிறன் என்றாள், அவன் முழங்கால்களுக்கு நடுவே தன் காலை ஊன்றிக்கொண்டு, ஒண்டு, ரெண்டு என்று எண்ணத் தொடங்கினாள்.